துணிக்கு அடியில் பொங்கல்

சித்திரை 12, வெள்ளி.

விடியற்காலை வாசலில் நான், அவர், மகள் தேவி, மூன்று பேர்தான். தேவி ஒரகடம் கம்பெனித் தோழிகளோடு கோத்தகிரி மலையில் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பினாள். நெய் வழியும் கோயில் சர்க்கரைப்பொங்கலைப் பச்சை டப்பாவில் போட்டு நீட்டினேன். "வேணாம்மா, வாசனைக்குக் கரடி வருமாம். டெண்ட்டுல திங்கறது எதுவும் வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று திருப்பித் தந்தாள். பெருமாள் பிரசாதத்தை மறுக்கலாமா? அவளுக்குத் தெரியாமல் பையில் துணிக்கு அடியில் செருகிவிட்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா போனில் காட்டினாள். அந்த மலைப்பக்கம் விளக்கு நெய்க்காகக் கரடி கோயில் கதவையே உடைத்திருக்கிறது.

அவரிடம் சொன்னால், "கரடிக்கும் பிரசாதம் கெடைக்கட்டுமேடி" என்று சிரிக்கிறார். எரிச்சலாக வருகிறது. அவளுக்கு போன் போகவில்லை. அனுப்பிய செய்தி ஒரே டிக்கில் நிற்கிறது.

தேவி, பச்சை டப்பாவை எடுத்துக் கூடாரத்தைவிட்டுத் தள்ளி வை. என்னைத் திட்டு, பரவாயில்லை. சீக்கிரம் பதில் போடு.