அடுத்த வருஷத்துக்கான நீச்சல் உடை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அங்கே நலமாக இருக்கிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, வெயிலில் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளவில்லையே. இந்த வரிக்குப் பிறகு இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் அம்மா எப்போதும் எழுதுவாள். அம்மா எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எனக்குக் கடிதம் எழுதத் தெரியும், அதனால் அவள் மாதிரியே தொடங்கிவிட்டேன், ஆனால் அந்த இரண்டாவது வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூட அட்லஸை மடியில் வைத்து எழுதுகிறேன். அப்பா இருமினால்கூட விளக்கை அணைத்துவிடுகிறேன். நாளைக் காலையில் உனக்குப் பார்சல் போகிறது. மேலே அம்மாவின் கடிதம் இருக்கும், அதில் எல்லாரும் சுகமாக இருப்போம். அம்மா பார்சலை ஒரு தடவைக்கு மூன்று தடவை பிரித்துப் பார்ப்பாள் என்பதால் இதை அம்மா உனக்குத் தைத்த வெயில் தொப்பியின் உள்பட்டைக்குள் வைத்து நானே தைத்துவிடப் போகிறேன். நம் வீட்டிலிருந்து வரும் எதிலும் கோணல் தையல் இருக்காது, அதைப் பார்த்ததும் நீ பிரித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

நாங்கள் உன் தீவுக்கு வரும்போது சுற்றிப் பார்க்க நீ போட்டு அனுப்பிய திட்டத்தை அம்மா தையல் மெஷினுக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். முதல் நாள் கறுப்பு மணல் கடற்கரையில் சும்மா கிடப்பது, அடுத்த நாள் படகில் போய் வெந்நீர் ஊற்றில் குளிப்பது, அப்புறம் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மீன் பார்ப்பது, கடைசியில் விடியற்காலையில் எரிமலை ஏறிப் போய் மேலேயிருந்து பள்ளத்தை எட்டிப் பார்ப்பது, எல்லாம் வரிசையாக உன் கையெழுத்தில். வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் இப்படிப் போட்டுக் கொடுப்பதுதானே உன் வேலை, எங்களுக்கும் ஓட்டல் மேஜையில் உட்கார்ந்தே போட்டிருப்பாய் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. தன்னிடம் டிரைவிங் பழக வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார், கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் பிரேக் போடவே மறந்து மரத்தில் முட்டிவிட்டாள். அந்த மலை வெடித்து எத்தனையோ காலம் ஆகிறது, இப்போது தூங்குகிறது என்று நீ சொன்னாயே, அதற்கு அப்பா, "உங்கம்மா மாதிரின்னு சொல்லு. தூங்குதுன்னு நம்பிப் பக்கத்துல போயிடக் கூடாது" என்றார். அம்மா விடுவாளா. மேலே ஏற முடியாதவர்களுக்குக் கழுதை உண்டு என்று நீ சொன்னதும், "கழுதையா, எனக்கென்னடி பயம், இத்தனை வருஷமா ஒண்ணோடதானே காலம் தள்ளுறேன்" என்றாள். போனில் நீ சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. நீச்சல் தெரியாத அப்பா இதே வாளியில் தண்ணீர் பிடித்து, முகத்தை முக்கி மூச்சடக்கிப் பழகினார் அக்கா. நாங்கள் எல்லாரும் நிஜமாகவே வரத்தான் இருந்தோம். மழை விட்டு வெயில் வந்ததும் கிளம்புவது என்று முடிவு செய்தபோது யாரும் பொய் சொல்லவில்லை, அதை நீ நம்ப வேண்டும்.

அம்மா எல்லாருக்கும் நீச்சல் உடை தானே தைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள். கடையில் விற்பது இரண்டு தடவை நனைந்தால் தொங்கிப்போகும் என்றாள். அந்த இழுபடுகிற துணி உனக்குத் தெரியுமே, சாதாரண ஊசி போட்டால் தையல் விட்டு விட்டு ஓடும், அதற்கென்று வேறு ஊசி வாங்கி வந்து துண்டுத் துணியில் போட்டுப் பார்த்துப் பழகினாள். மற்ற துணி என்றால் வளர்கிற பிள்ளைக்கு உள்ளே கொஞ்சம் விட்டுத் தைக்கலாம், இதில் விடவே கூடாது, தோலோடு தோலாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போய்ப் பை மாதிரி உப்பிவிடும் என்று எனக்கு அவளேதான் சொல்லிக்கொடுத்தாள். அப்பாவுக்குத் தைத்தது அப்படித்தான் அளவாக இருந்தது. எனக்குத் தைத்ததைப் போட்டுப் பார்த்தால் தோளில் நிற்காமல் வழிகிறது, இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம். அப்பா பார்த்துவிட்டு, "மீனெல்லாம் ஒரு பக்கம் நுழைஞ்சு சுத்திப் பாத்துட்டு அந்தப் பக்கமா வெளிய போயிடும்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இருக்கட்டும், அடுத்த வருஷம் சரியா இருக்கும்" என்றாள். நாம் போவது இந்த வருஷம்தானே அம்மா என்றேன். வாயில் பிடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்திக்கொண்டே இருந்தாள். அளவில் தப்புச் செய்து அம்மாவை நான் பார்த்ததே இல்லை. உன்னுடையது எங்கே அம்மா என்று கேட்டேன், "எனக்கெதுக்குடி, நான் கரையில உக்காந்து பைய பாத்துக்குவேன்" என்றாள். ஆனால் கடலுக்குள் இறங்கி மீன் பார்க்க வேண்டும் என்று திட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தவளே அவள்தான்.

மறுநாள் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போக டிரைவிங் பள்ளிக் காரிலேயே வந்தார். வழியில் நேரடியாகக் கேட்டுவிட்டேன். முதுகுவலி முதுகுவலி என்று அம்மாவை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறீர்களே, டாக்டர் என்னதான் சொன்னார், அடுத்த வருஷத்து அளவுக்கு ஏன் எனக்கு உடை தைக்கிறாள் என்றேன். அப்பா நடு ரோட்டில் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். நிறுத்தினார் என்றுகூடச் சொல்ல முடியாது, கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டார், வண்டி உதறி நின்றது. யாராவது அப்படிச் செய்தால் அவர் போடும் சத்தம் உனக்குத் தெரியும். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார் அக்கா. நான்தான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பின்னால் ஒரே ஹாரன், மேலே பயிற்சி வண்டி என்று பலகை இருக்கிறது அல்லவா, ஸ்கூட்டரில் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து, "நல்லா கத்துக்கிட்டு ரோட்டுக்கு வாங்கப்பா, எங்க உயிரை ஏன் வாங்குறீங்க" என்று கத்திவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அப்பா சொன்னார். அம்மாவுக்கு வயிற்றில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. முதுகுவலி அதனால் வந்ததுதான். இனி மருந்து கொடுத்துக் குணமாக்க முடியாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இந்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாராம், ஏனென்றால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று அம்மாதான் கேட்டாளாம். மழை தொடங்கிவிட்டது அக்கா. மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் ஒழுகுகிறது.

அன்று சாயங்காலம் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி அம்மா கூப்பிட்டாள். நான் கோத்துக்கொண்டிருக்கும்போது என் முகத்தைப் பார்க்காமலே, "அப்பா உளறிட்டாரா" என்று கேட்டாள். நான் அழுதேன். கொஞ்ச நேரம் அழ விட்டாள், அப்புறம் தான் கட்டியிருந்த சேலையாலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டு, "பெரியவகிட்ட மூச்சு விடக் கூடாது" என்றாள். "அவ அங்க கால் ஊனுறதுக்கு என்ன பாடு பட்டான்னு எனக்குத் தெரியும். இப்பதான் சீசன், பாதியில விட்டுட்டு வந்தா அந்த இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க. வந்துதான் என்ன பண்ணப் போறா, பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கப் போறா. அப்படியே உங்களுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு இங்கேயே தங்கிடுவா. அவ சுபாவம் எனக்குத் தெரியாதா. வேணாம். அவளுக்கு நான் போன்ல நல்லா பேசுற அம்மாவாவே இருந்துட்டுப் போறேன். அடுத்த வருஷம் நீங்க மூணு பேரும் சேர்ந்து அந்த மலை மேல ஏறுங்க" என்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் வாயால் சொல்ல வைத்தாள். சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

நீ கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் குரல் நன்றாக இருக்கிறது என்று நீ சந்தோஷப்படுகிறாய். அன்று காலையிலிருந்து அவள் யாரோடும் பேச மாட்டாள், ஏதாவது வேண்டுமென்றால் கையைத்தான் காட்டுவாள். வெந்நீர் குடிப்பாள், தலை வாரிக்கொள்வாள், தலையணையை முதுகுக்குப் பின்னால் அடுக்கச் சைகை காட்டி நிமிர்ந்து உட்காருவாள். நீ கேட்பது வாரம் முழுவதும் சேர்த்து வைத்த குரல் அக்கா. நீ போனை வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், ராத்திரி வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். போன வாரம் அவளைப் படகில் ஏற்றும்போது எங்கே கை பிடிக்க வேண்டும் என்று நீ விளக்கிக்கொண்டிருந்தாய், அவளும் சரி சரி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நிற்க முடியாமல் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டேன். அவள் போடுகிற துணியெல்லாம் இப்போது அவள் தோளில் நிற்காமல் வழிகிறது, எனக்குத் தைத்த நீச்சல் உடை மாதிரி.

சொல்ல மாட்டேன் என்று சொன்னதைக் காப்பாற்றத்தான் நினைத்தேன். நேற்று உன் உடையை வெட்டுவதற்காகத் துணியை விரித்தாள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்ன அம்மா என்றேன். "பெரியவளுக்குத் தோள் எவ்வளவுன்னு தெரியலடி" என்றாள். உன் பழைய அளவு இருக்கிறதே என்றேன். "அது போறப்ப எடுத்தது. இப்ப இளைச்சிருக்காளோ, பருத்திருக்காளோ. போட்டோவுல பாத்து என்ன தெரியும். கையில தொட்டுப் பாத்தாதானே தெரியும்" என்று சொல்லி, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லையாம், அப்பா சொன்னார். என் முன்னாலும் அழுததில்லை. இதற்கு அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஏதோ ஒரு அளவில் குத்துமதிப்பாக வெட்டித் தைத்துவிட்டாள். இந்தப் பார்சலில் வருவது அதுதான், உனக்குச் சரியாக இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நீ வரக் கூடாது என்று வாயால் சொல்கிறாள், உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அழுகிறாள், இதில் எதைக் கேட்பது என்று எனக்குச் சொல்லித்தர இங்கே யாரும் இல்லை. அப்பாவைக் கேட்டால், "உங்கம்மா சொன்னா சொன்னதுதான்மா" என்கிறார். அவருக்கு அவள் மேல் இருக்கிற பயம் இன்னும் போகவில்லை.

அதனால் நானே முடிவு பண்ணிவிட்டேன். நீ வா அக்கா. சீசன் முடியட்டும் என்று பார்க்காதே, எங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிற அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுக் கிளம்பு. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நான்தான் எழுதினேன் என்று தெரிந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். அவள் கோபம் வந்தால் பேச மாட்டாள், உனக்கே தெரியும், சாதாரணமாகவே ஒரு வாரம் இழுப்பாள். இப்போது அப்படி என்னோடு பேசாமலே இருந்து, பேசாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தால் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் போல இருக்கிறது. நீயாக லீவு கிடைத்து வந்தது மாதிரி சொல்லிவிடு என்று உன்னிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் உன் கண்ணைப் பார்த்துக் கேட்டால் உனக்குப் பொய் வராது, வந்தாலும் அவள் நம்ப மாட்டாள். பரவாயில்லை, நான் சொன்னதாகவே சொல்லிவிடு. பேசாமல் இருக்கட்டும். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், நான் வாசல் அறையில் இருந்துகொள்கிறேன்.

வரும்போது மழைக்குத் தகுந்த சட்டை எடுத்துக்கொள், இங்கே ராத்திரியில் குளிர்கிறது. பதற்றத்தில் சாப்பிடாமல் கிளம்பாதே. அழுதுகொண்டே பயணம் பண்ணாதே, பக்கத்தில் இருப்பவர்கள் காரணம் கேட்பார்கள், பெட்டியைக் கவனிக்காமல் விட்டுவிடுவாய். உனக்கு ஆசி சொல்லும் வயது எனக்கு இல்லை, அம்மாவின் கடிதத்தில் கடைசியில் இருப்பதை எடுத்துக்கொள், அது மட்டும் அந்தக் கடிதத்தில் நிஜம்.

முக்கியமான ஒன்று. இதைப் படித்ததும் போன் பண்ணிவிடாதே. உன் குரலில் ஒரு இழை மாறினாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள், வேண்டாம் என்று உன் வாயால் சொல்ல வைத்துவிடுவாள், என்னிடம் செய்தது மாதிரி. பேசாமல் கிளம்பு. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தலை வாரிக்கொண்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அது அடிக்காது. ஏன் இன்னும் கூப்பிடவில்லை, பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று அவளும் அப்பாவும் பதறிப்போவார்கள். அன்று நான் மட்டும் போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்து உட்காருவேன்.

உன் தங்கை,
பொடிசு