பேர் முருகன், இடம் சென்னிமலை

நல்லூர், திருப்பூர்
வியாழக்கிழமை

அன்புள்ள அருள்செல்வன் அண்ணாவுக்குத் தங்கை மருதம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் அண்ணியும் நலம்தானே? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுகைதான் முந்துகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மாப்பிள்ளையைக் காணாமல் இன்றோடு பன்னிரண்டு நாள். ஒரு வருடமாக அவருக்கு மறதி என்பது உங்களுக்குத் தெரியும். டீக்கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். நான் குழம்பு தாளித்துக்கொண்டே ம் என்றேன், திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதுகிறவர் நிமிராமலே பேர் என்ன என்றார். முப்பத்து மூன்று வருடமாக அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. அவருக்கு வைத்தது ஒரு மலையின் பேர்தானே, அதனால் "முருகன் இருக்கிற மலைங்க, ஈரோட்டுப் பக்கம்" என்றேன். சென்னிமலையா என்றார். "ஆமாங்க" என்றேன். சொல்லாமலே சொல்லிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு! போட்டோவை நீட்டினேன், பிறகு கேட்கிறோம் என்றார். ரசீதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். தினமும் போய்க் கேட்டால், தகவல் வந்தால் சொல்கிறோம், போங்கம்மா என்பார்கள்.

மகள் சத்யப்பிரியா பஸ் ஸ்டாண்டு, கோயில் என்று தேடி அலைந்துவிட்டு, ஒன்பதாம் நாள்தான் அந்த ரசீதைப் பிரித்தாள். காணாமல் போனவர் முருகன், காணாமல் போன இடம் சென்னிமலை என்று எழுதியிருக்கிறது. கம்பெனியில் ஒரு பனியனில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலே மூன்று பேர் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். ஒரு மனுஷனைக் காணோம் என்று எழுதிய சீட்டை அவர்கள் ஒரு தடவை படித்துக் காட்டியிருக்கக் கூடாதா? செக்கிங் வேலை பார்க்கிற நானும் படிக்கவில்லையே அண்ணா, அதுதான் என்னைத் தின்கிறது.

மறுபடியும் போய்ச் சண்டை போட்டேன். அங்கே சுப்புலட்சுமி என்று ஒரு போலீஸ்காரப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்ல வரலீன்னா எழுதிக் குடுங்க அக்கா" என்று பேப்பரை நீட்டினாள். முதல் நாளே யாராவது அதை நீட்டியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? போட்டோ வாங்கிக்கொண்டாள். சட்டை நிறம், நிட்டிங் மிஷின் ஊசி கிழித்த இடது கைத் தழும்பு எல்லாம் கேட்டு எழுதிப் படித்துக் காட்டினாள். தன் போன் நம்பரையும் கொடுத்தாள்.

இன்று அவளே கூப்பிட்டாள். கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் பேர் தெரியாதவர் என்று ஒருவர் இருக்கிறாராம். ரோட்டோரம் விழுந்து கிடந்தவரைப் பத்து நாளுக்கு முன்பு கொண்டுவந்தார்களாம். தழும்பு ஒத்துவருகிறதாம். எந்த வார்டு என்று கேட்டேன். காலையில் நானும் உங்களோடு வருகிறேன் அக்கா என்று மட்டும் சொன்னாள். சத்யப்பிரியாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லித் தனியாக ஏதோ பேசினாள். மகள் இன்னும் சாப்பிடவில்லை.

அண்ணா, நாளைக்கு அவர் முன்னால் நின்று வாய்விட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறேன். கட்டினவள் பேர் சொன்னால் அவருக்கு எவ்வளவு கோபம் வரும் என்று உங்களுக்குத் தெரியாததா? அவர் கண் திறந்து என்னைத் திட்ட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
மருதம்மாள்