பிரேக்குக்கு மட்டும் பழசு வேண்டாம்

மார்ச் 4, புதன்

காலையில் இரண்டு வகுப்பு. இரண்டாவது நர்ஸ் அக்கா. ஓய்வு பெற்ற பிறகு கார் ஓட்டப் பழகுகிறவர். ஒரு தடவை டெஸ்டில் தோற்றாயிற்று. வழக்கம்போல அவர் கணவர் பின்சீட்டில். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர், அதனால் எனக்கு டிரைவர் அண்ணன். பார்வை போய் நாலு வருஷமாகிறது. ஆனால் காது இருக்கிறதே! "கிளட்ச்ச பாதியிலயே விடுற" என்று பின்னாலிருந்து குரல் வரும். அக்கா கண்ணாடியில் அவரை முறைப்பார். முறைத்தால் அவருக்குத் தெரியாது என்பது அக்காவுக்கும் தெரியும். இருந்தாலும் முறைப்பார்.

இறங்கும்போது டிரைவர் அண்ணன் சொன்னார்: "டீச்சரம்மா, பிரேக் பெடலப் பாருங்க. வண்டி நின்ன பிறகும் இவ கால் கீழ போற சத்தம் கேக்குது."

பார்த்தேன். அழுத்திப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போகிறது. தினம் அதே வண்டியில் உட்காருகிற நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

மார்ச் 5, வியாழன்

மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. மிதித்ததும் எண்ணெயை நாலு சக்கரத்துக்கும் தள்ளிவிடுகிற சாமான் அதுதான். உள்ளே சுவரே தேய்ந்துவிட்டதால் ரப்பரை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லையாம். வண்டிக்குப் பதினேழு வயது. இந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். புதுசு வரவழைக்க மூன்று நாலு வாரம்.

"பழசு?" என்றேன்.

"உடைக்கிற யார்டுல கிடைக்கும்க்கா. ஆனா வேணாம்" என்றான் மெக்கானிக் தம்பி. "கதவு, டைனமோ, வைப்பர் மோட்டார், எல்லாம் பழசு வாங்கிப் போட்டுக் குடுத்தது நான்தான். பிரேக்குக்கு மட்டும் பழசு வேணாம்."

23ஆம் தேதி அக்காவுக்கு டெஸ்ட். விட்டால் அடுத்த தேதி ஜூனில். "இந்தத் தடவையும் இல்லேன்னா நான் விட்டுடுவேன்" என்று போன வாரம்தான் சொன்னார்.

மார்ச் 6, வெள்ளி

வாடகைக்கு வண்டி கேட்டு இரண்டு பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். இரண்டு இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள்.

மார்ச் 7, சனி

யார்டுக்கு நானே போனேன். ஒன்றின் மேல் ஒன்றாக வண்டிகள், தலை இல்லாமல், கதவு இல்லாமல். என் வண்டியின் மாடல் ஒன்று மூலையில் கிடந்தது. நிறம்கூட அதேதான். யார்டுக்காரர், "இது பின்னாடி இடி வாங்குன வண்டிம்மா. முன்பக்கம் அப்படியே புத்தம் புதுசு" என்றார். எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேனோ என்னவோ. அதனால்தான் கேட்கவில்லையோ?

மார்ச் 9, திங்கள்

தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீங்க சொல்றீங்கன்னு போடறேன். மனசுக்கு ஒப்பல." இதை மட்டும் சொன்னான். போட்டு முடித்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. "பாத்தியா?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா இன்று நன்றாக ஓட்டினார். டிரைவர் அண்ணன் கேட்டார்: "மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சுண்ணே."

"புதுசுதான?"

"ம்."

மார்ச் 11, புதன்

பொய் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரே ஒரு எழுத்து.

சொல்ல முடியும்.

மார்ச் 16, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பாலத்திலிருந்து இறங்குகிற சரிவு. முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. அக்கா மிதித்தார். நிற்கவில்லை. நானும் மிதிச்சேன், என் பக்கத்து பெடலும் தரையோட போயிடுச்சு, ஒண்ணுமே இல்ல அதுல, காத்துல மிதிக்கிற மாதிரி. ரெண்டு பெடலும் ஒரே கம்பிதானே, ஒரே சிலிண்டர்தானே. அக்கா "டீச்சர்... டீச்சர்..."ன்னு மட்டும் சொன்னாங்க. பின்னாலிருந்து அவர், குரலே உயர்த்தாம: "செகண்டுக்குப் போ. கிளட்ச்ச விடு. டீச்சரம்மா, ஹேண்ட்பிரேக்." அக்கா போட்டாங்க. நான் இழுத்தேன். வண்டி பிளாட்பாரக் கல்லுல தேய்ச்சு, அலறி, நின்னுது. வேனுக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருக்கும்.

யாருக்கும் ஒன்றும் இல்லை. இதை மூன்று தடவை சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவர் கேட்டார்: "புதுசுன்னீங்களே?"

"இல்லண்ணே. யார்டுல வாங்கினது."

கதவைத் தடவித் திறந்து இறங்கினார். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் நடந்தே போனார்கள். அக்கா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் பார்க்க முடியாது. முடிந்தாலும் பார்த்திருக்க மாட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

எல்லா வகுப்பையும் ரத்து செய்தேன்.

மார்ச் 18, புதன்

தம்பி சிலிண்டரைப் பிரித்துக் காட்டினான். வருஷக்கணக்கில் எண்ணெய் வற்றிக் கிடந்ததில் ரப்பர் காய்ந்து, இப்போது விளிம்பு கிழிந்திருந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன். "முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும்க்கா" என்றான். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

புதுசுக்குச் சொல்லியாயிற்று.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "படிக்கிறவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். ஐந்து பேர் என்றேன். "நாளைக்கு லீவு போடறேன். ரெண்டு பேருமா போய்ச் சொல்லிட்டு வருவோம்."

மார்ச் 19, வியாழன்

போனோம். ஒரு பெண்ணின் அப்பா வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டு, இனி வர மாட்டாள் என்று கதவைச் சாத்தினார். இன்னொருவர் போனிலேயே நிறுத்திக்கொண்டார். மற்ற இருவர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அதுவே பெரிசு.

கடைசியாக அக்கா வீடு. டிரைவர் அண்ணன் உள் அறையை விட்டு வரவில்லை. அக்கா தண்ணீர் கொடுத்தார். "என் டெஸ்டுக்காகத்தானே செஞ்ச" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். முழுசாக அது உண்மையா? நான் அனுப்புகிறவர்கள் தேதியைத் தவறவிட்டதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். "பாதி அதுக்கு. பாதி என் வீம்புக்கு" என்றேன்.

அக்கா குரலைத் தணித்துக்கொண்டார். "பழசு போட்டதுக்கு அவரு கோவப்படல. பஸ்ஸுல எத்தனை பழசப் போட்டு ஓட்டுனவரு. ஆனா இப்ப அவரால எதையும் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாதில்ல? கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். கேட்டா உண்மை வரும்னு நம்பித்தான் வீட்டை விட்டே வெளிய வராரு."

வீட்டுக்காரர் திரும்பி வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 23, திங்கள்

டெஸ்ட் நாள். அக்கா போகவில்லை. பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது.

ஏப்ரல் 11, சனி

புது சிலிண்டரின் பெட்டி வந்தது. தம்பி என் முன்னால்தான் பிரித்தான். பாலத்துச் சரிவில் அவனும் நானும் எட்டுத் தடவை ஏறி இறங்கினோம். எட்டாவது தடவை, "போதும்க்கா, டயர் தேஞ்சிடும். அதுக்கும் பழசு தேடணும்" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

அக்கா போன் செய்தார். "நாளைக்கு வா. அவரும் வராராம்."

ஏப்ரல் 14, செவ்வாய்

ஏறுவதற்கு முன் டிரைவர் அண்ணன் பானெட்டைத் திறக்கச் சொன்னார். கையைப் பிடித்துக் காட்டினேன். சிலிண்டரைத் தடவினார், குழாய் சேருகிற இடமெல்லாம் விரலால் பார்த்தார், விரலைத் தேய்த்து முகர்ந்தார். கசிவு இல்லை.

"வேற என்னென்ன பழசு இதுல?"

ஒன்று விடாமல் சொன்னேன். இடது முன்கதவு. டைனமோ. வைப்பர் மோட்டார். பின்சீட்டு.

"நான் உக்காருற சீட்டா?"

"ஆமாண்ணே. வேற வண்டியிலேருந்து எடுத்தது."

"அதான் ஸ்பிரிங் குத்துது." அக்கா முதலில் சிரித்தார். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்து, "ம், எடு வண்டிய" என்றார் அக்காவிடம்.

ஜூன் 1, திங்கள்

அக்கா தேறிவிட்டார். திருப்பத்தில் ஒரு தடவை வண்டி அணைந்துபோனதாம். அண்ணனை டெஸ்டில் ஏற்றவில்லை. வெளியே என்னோடு நின்று, கேட்டுக்கு உள்ளே போகிற எல்லா வண்டியின் கியரையும் காதால் திருத்திக்கொண்டிருந்தார்.

ஜூன் 22, திங்கள்

மளிகைக் கடையில் அக்காவைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு, புதிதாக வாங்கிய தன் வண்டியிலேயே கூட்டிப் போய் வந்தாராம். போக நாற்பது நிமிஷம், வர ஒரு மணி நேரம். பேச்சுவாக்கில், உப்பு விலையோடு சேர்த்துச் சொன்னார். என்னைத் துணைக்குக் கூப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.