செவலைக்குச் சினை நிற்கவில்லை

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் கொளுத்துகிறது. வாங்க வேண்டியது: சோப்பு, பி.பி., சுகர் மாத்திரை, அட்டைப்பெட்டி நாலைந்து. இந்த மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்புறம் மதுரை, தங்கை வீடு. எதை எடுத்துப்போவது, எதை விடுவது, ஒன்றும் ஓடவில்லை. அவருடைய மைன்ஸ் ஷூ இன்னும் வாசலில்.

மாடுகளைப் பார்த்துக்கொள்கிற தனம் போன். "யக்கா, செவல நேத்துலேர்ந்து கத்திகினே இருக்குது. இந்த ஊசியும் நிக்கலக்கா."

மூன்றாவது சினை ஊசி.

மாடு மூன்றும் (செவலை, அதன் தாய்மாடு, கறுப்பி) வடலூர் ரோட்டில், தனம் வீட்டுக் கொட்டகையில். ரிடையர் ஆனதும் கறிமாட்டுப் பண்ணை வைப்பதாக அவர் ஆரம்பித்தது. என் அண்ணன் முகத்தைச் சுளித்தபோதும் மழுப்பவில்லை. "ஆமா, கறிக்குத்தான். இருக்குற வரைக்கும் அதுக்கு ஒரு குறை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்." செவலையை மட்டும் கன்று போடுவதற்கென்று வைத்துக்கொள்ளத் திட்டம். "இவ எங்கயும் போக மாட்டா. இவ கன்னுகதான் போகும்."

ரிடையர் ஆகவில்லை. அவர் போய் ஒரு வருஷம்.

ஜூன் 5, வியாழன்

மாட்டு டாக்டர் வந்தார். சின்னப் பெண். தோள் வரை உறை மாட்டிக்கொண்டு செவலையைப் பார்த்தார். கையடக்க ஸ்கேன் பெட்டி. திரையில் சாம்பல் நிறம், நடுவே கறுப்பாக இரண்டொரு பொட்டு.

"இந்தக் கறுப்புக் குமிழி தெரியுதாம்மா? ஒவ்வொண்ணும் முட்டை வளர்ற பை. நல்ல கிடாரிக்கு இது நிறைய இருக்கும். இதுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்தே ரொம்பக் கம்மி. சினைப்பையும் சின்னது."

"அப்ப மலடா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். நின்னாலும் நிக்கும். ஆனா வருஷா வருஷம் கன்னு போடும்னு நம்பி வச்சிருக்க முடியாது. பண்ணைல இந்த மாதிரி இருந்தா கழிச்சிடுவாங்கம்மா."

தனம் டாக்டருக்குக் கை கழுவத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"முட்டையெல்லாம் தாய் வயித்துல இருக்கும்போதே உருவாகிடும்மா. தாய்க்குச் சினையோட ஆரம்ப மாசங்கள்ல தீனி பத்தலைன்னா கன்னுக்கு இப்படி ஆகலாம். இதுக்கு அதுதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாது. அப்ப தீனிக்கு எதுவும் கஷ்டமா?"

"ஞாபகம் இல்லை" என்றேன்.

ஞாபகம் இல்லாமல் என்ன. மூன்று வருஷம் முந்தைய அந்தக் கோடைதான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி, அவருக்கு முதல் கீமோ. செவலையின் தாய்க்குச் சினை நின்றதை அங்கே படுக்கையில்தான் சொன்னேன். சிரித்தார்.

ஜூன் 6, வெள்ளி

ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை. தலைவலி.

அந்தக் கோடையில் நான் தீனி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோன்றவே இல்லை. தனமும் சொன்னதில்லை. தினம் போன் செய்வாள். "அண்ணன் சாப்புட்டாரா?" அதோடு சரி. புல் கருகி, வைக்கோலும் தீர்ந்து, வேலியோரத்துத் தழையை ஒடித்துப் போட்டாள் என்று பிற்பாடு அவள் புருஷன் சொல்லித்தான் தெரியும். அங்கே அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. இங்கே வயிற்றில் கன்றோடு தாய்மாடு தழை தின்றிருக்கிறது. இரண்டும் ஒரே மாதங்கள்.

சாயங்காலம் தனம் வந்தாள். கையில் முருங்கைக்கீரை.

"டாக்டரம்மா என்னாக்கா சொன்னாங்க?"

"பிறவிக் குறை."

"எதுனாலயாம்?"

"எதனாலயும் இல்ல தனம். சிலதுக்கு அப்படி அமைஞ்சிரும்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீரையை ஆய ஆரம்பித்தேன்.

ஜூன் 9, திங்கள்

புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

தாய்மாடும் கறுப்பியும் தனத்துக்கே. கறுப்பி இப்போது சினை. செவலையையும் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன்.

"வச்சிக்கலாங்க்கா. தீனிக்கு எங்க போறது? சினையும் இல்ல, பாலும் இல்ல. ரெண்டு போதும், மூணாவதுக்கு என்னால முடியாதுக்கா."

நியாயம்தான். மதுரையில் தங்கை இருப்பது மூன்றாவது மாடி.

கறி வியாபாரிக்குப் போன் செய்தேன். அவர் இருந்த காலத்திலிருந்தே பழக்கமான ஆள்தான். நாளை காலை வண்டி அனுப்புகிறாராம். போனை வைத்த பிறகு அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "இவ எங்கயும் போக மாட்டா" என்று சொன்ன மனுஷன். வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வண்டி ஏழு மணிக்கே வந்துவிட்டது. செவலை ஏற மறுக்கவில்லை. முரண்டு பிடித்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். தனம்தான் கயிற்றைப் பிடித்து ஏற்றினாள். கழுத்து மணியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். வேண்டாம், கறுப்பிக்குக் கட்டு என்றேன். தாய்மாடு தின்றுகொண்டே இருந்தது.

வண்டி போன பிறகு தனம் சாணி அள்ளவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா? நெசமாவே பொறவிக் கொறதானா?"

"ஏன்?"

"அண்ணன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப தாய்க்கு நான் ஒழுங்காத் தீனி போடலக்கா. எங்கயும் கெடைக்கல. அதுனாலதான் இப்டி ஆயிடிச்சோன்னு மூணாவது ஊசி நிக்காததுலேர்ந்து தூக்கமே இல்ல. அண்ணன் ஆசையா வச்ச மாடு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. டாக்டரே சொன்னாங்க. பிறவி."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அப்போதுதான் அழுதாள். சத்தமாக. அவர் இறந்த அன்றுகூட அவள் அப்படி அழுததாக நினைவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. குடித்தேன்.