கடைசி முப்பத்தோரு பக்கங்கள்

க்ரோமர்
நவம்பர் 8, சனிக்கிழமை

அன்பு மகள் ஹேசலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம்தான், அவளுடைய இடது முழங்காலையும் என் மனசையும் விட்டுவிட்டுப் பார்த்தால். நீயும் மாப்பிள்ளை கிரெய்க்கும் குட்டி டில்லியும் வெலிங்டனில் சுகமாக இருப்பீர்கள். சம்பந்தியம்மா நோலீனைப் பற்றி நான் விசாரிக்க வேண்டியதில்லை, அவர் அமோகமாக இருப்பார். இங்கே மூன்று நாளாகக் கடல் காற்று ஆளைத் தள்ளுகிறது, நம் கூரையில் இரண்டு ஓடு பறந்து பக்கத்து வீட்டு டெரிக்கின் கோஸ் பாத்தியில் விழுந்துவிட்டது, அவனே ஏணி போட்டு ஏறி மாட்டிக் கொடுத்தான், நல்ல மனுஷன்தான், ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் டிவி கதையையே பேசிக்கொண்டிருந்தான். அம்மாவைப் படி ஏறாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் தேவாலயத்துப் பாட்டுக் குழுவுக்காக வாரம் இரண்டு தடவை மாடிப்படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள், போன் பண்ணும்போது நீ ஒரு அதட்டுப் போடு, நான் சொன்னால் காதில் ஏறாது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். நான் சொல்ல வந்தது அந்த டிவி கதையைப் பற்றி, அதைப் போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அதனால் எழுதுகிறேன். ‘மணி போகும் வழி’ நம் இரண்டு பேருக்கும் சொந்தமான கதை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகமாக மூன்று பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஒரு வெண்கல மணியை நாற்பது பேர் வண்டியில் ஏற்றி, மணிச் சத்தமே கேட்டிராத ஓர் ஊருக்குச் சதுப்பு நிலம் வழியாக இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று யாரிடமாவது சொன்னால், அவ்வளவுதானா என்று கேட்பார்கள். அவ்வளவுதான். முதல் பாகம் முழுக்க மணி நகர்வதே பதினொரு மைல்தான். நாணல் காட்டுக்கு மட்டும் நாற்பது பக்கம். இப்போது அதைத் தொடராக எடுத்திருக்கிற டிவிக்காரர்கள் அந்தப் பதினொரு மைலை நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருவதற்குள் கடந்துவிட்டார்கள். நாணலைக் காட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை, நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் காட்டி முடித்துவிட்டார்கள். இப்போது ஊரே ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. ஏணி உச்சியில் நின்றுகொண்டு டெரிக் என்னைக் கேட்கிறான், “க்ளிஃப், உனக்கு ஓஸ்ஸாவைத் தெரியுமா, முன்னாடி நின்னு வண்டியை இழுக்கிறாளே, என்னா பொம்பளை!” என்று. ஓஸ்ஸாவைத் தெரியுமா என்று என்னைக் கேட்கிறான். நான்தானம்மா ஓஸ்ஸா. நாலு குளிர்காலம் உனக்குப் படித்துக் காட்டி, தொண்டை கட்டக் கட்ட அவள் குரலில் பேசியவன் நான். நீயோ போன மாதம் போனில், “அந்த நடிகையோட குரல் அப்படியே பொருந்துதுப்பா” என்றாய். நான் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் ரொம்ப நேரம் சும்மா நின்றேன்.

ஆனால் டெரிக் மேலும் அந்த நடிகை மேலும் எனக்கு இருப்பது சின்ன எரிச்சல். உண்மையில் என் வயிற்றெரிச்சல் முழுக்க நோலீன் மேல்தான், அதை மறைத்துப் பேசிப் பேசிக் களைத்துவிட்டேன். உங்கள் ஊரில் அது வருகிற திங்கள்கிழமை தவறாமல் உன் வீட்டுக்கு வருகிறார், சீஸ் ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொண்டு வருகிறார், உன் பக்கத்தில் ஒரே போர்வையில் உட்கார்ந்து நம் கதையைப் பார்க்கிறார். பார்க்கட்டும். அதோடு விட்டாரா, மூன்று பாகத்தையும் வாங்கி ஒன்பதே நாளில் படித்து முடித்துவிட்டாராம். ஒன்பது நாள்! எனக்கே போன் பண்ணி, “க்ளிஃபர்ட், நல்லா இருக்குங்க, ஆனா வர்ணனை வந்த இடமெல்லாம் நான் தாண்டிட்டேன்” என்று சந்தோஷமாகச் சொன்னார். ரயில்வே கேட்டில் பகல் ஷிப்ட் முடித்து வந்து, ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நான் புத்தகத்தைத் திறப்பதும், நீ கம்பளத்தில் குப்புறப் படுத்துக் கேட்பதும் உனக்கு நினைவிருக்கும். பதின்மூன்று வயசில் நீ போட்ட சட்டம் அது, வர்ணனையில் ஒரு வரி தாண்டினாலும் மூன்று பக்கம் பின்னால் போய் மறுபடி படிக்க வேண்டும் என்று. அலுப்பில் நான் இரண்டு தடவை தாண்டினேன், இரண்டு தடவையும் நீ பிடித்துவிட்டாய். அந்தச் சட்டப்படி பார்த்தால் சம்பந்தியம்மா இன்னும் முதல் பாகத்தையே தாண்டியிருக்க மாட்டார்.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்தபோதுதான் நீ லீட்ஸுக்குப் படிக்கக் கிளம்பினாய். முப்பத்தோரு பக்கம். பெட்டியை மூடிக்கொண்டே, “நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்துதான்பா படிக்கணும், அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் போனை வைப்பதற்கு முன்னால், “மணி அடிச்சிடுச்சாப்பா?” என்று நீ கேட்பாய், “இன்னும் இல்லம்மா” என்று நான் சொல்வேன். உன் கல்யாணத்தன்றுகூடக் கேட்டாய். டில்லி பிறந்து மறுநாள் மயக்கம் தெளியாத குரலில் கேட்டாய். போன ஞாயிறு நீ கேட்கவில்லை. சரிப்பா, வெச்சிடறேன் என்று வைத்துவிட்டாய். உனக்கு முடிவு தெரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரியும். புதன்கிழமை உன் செய்தி வந்தது. “கோச்சுக்காதப்பா, நோலீன் முடிவைப் படிச்சிட்டாங்க, பாத்திரம் கழுவறப்போ என்னால அடக்க முடியல, கேட்டுட்டேன், அவங்களும் சொல்லிட்டாங்க” என்று எழுதியிருந்தாய். முப்பத்தோரு பக்கத்தை அவர் சோப்பு நுரையோடு ஒரே வரியில் சொல்லி முடித்திருப்பார். அன்றைக்கு முழுக்க, கேட்க வேண்டுமென்று தோன்றியபோது உனக்கு அந்தப் பக்கம் திரும்பத்தானே தோன்றியது, இந்தப் பக்கம் இல்லையே என்று பொருமிக்கொண்டே இருந்தேன். உனக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதவும் செய்தேன். அது இது இல்லை, அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கிழித்ததற்குக் காரணம் இருக்கிறது. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, ஹேசல். நீ லீட்ஸ் போய்ப் பத்தொன்பதாவது நாள் உன் முதல் கடிதம் வந்தது. நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் உன் அறைத் தோழி பிரிஜெட்டைப் பற்றி. அவளும் உன்னை மாதிரியே படிப்பாளாம், ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றி இரண்டு பேரும் சத்தமாகப் படிக்கிறீர்களாம். கடைசியில் அரைப் பக்கம், அப்பா எப்படி இருக்கிறார் என்று அம்மாவிடம் விசாரிப்பு. அம்மா பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள், நான் அடுப்பில் உருளைக்கிழங்கு வைத்திருந்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேராகப் போய் மூன்றாம் பாகத்தை எடுத்து, சமையலறையில் நின்றபடியே முப்பத்தோரு பக்கத்தையும் படித்து முடித்தேன். வேண்டுமென்றேதான் படித்தேன். நீ எனக்குச் செய்ததற்கு நான் உனக்குச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன், நீ என்ன செய்தாய், சின்னப் பெண், ஒரு தோழி கிடைத்தாள், அவ்வளவுதானே. முதல் பத்தொன்பது நாள் நான் சொன்ன “இன்னும் இல்லம்மா” மட்டும்தான் நிஜம். மிச்சமெல்லாம் பொய். அடித்ததா இல்லையா என்று தெரிந்துகொண்டேதான் உன்னிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஊருக்கு வந்த ஒவ்வொரு தடவையும் தலைவலி, விருந்தாளி, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று தட்டிக் கழித்ததும் நான்தான், உன் எதிரே உட்கார்ந்து படித்தால் முன்பே படித்தவன் குரல் வந்துவிடும், நீ பிடித்துவிடுவாய். பொய் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்னும் இல்லை என்று நான் சொல்கிற வரைக்கும் அடுத்த ஞாயிறும் நீ கேட்பாய். அந்த ஒரு கேள்விக்காகத்தான் வாரம் முழுக்க இருந்தேன், இப்போது உனக்கு என்னிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நோலீன் மேல் எனக்கு இருக்கிற பொறாமை இதுதான், ஸ்கோனும் போர்வையும் இல்லை.

நேற்று மாலை இதை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலிலிருந்து நிமிராமலே, “எனக்கு அப்பவே தெரியும், ஒரே வாரத்துல ரெண்டு தடவை உருளைக்கிழங்கு கருகுச்சு” என்றாள். ஆமாம், இரண்டாவது தடவையும் படித்தேன். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். “எப்படிக் கேப்பேன்? நாலு வருஷம் அப்பாவும் பொண்ணும் கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சீங்க. நீயும் வா, உக்காருன்னு ஒரு நாள் கூப்பிட்டீங்களா? நான் சமையல்கட்டுல சுவத்தோரமா நாற்காலியைப் போட்டு உக்காந்து கேட்டேன். நாணல் வர்ற இடத்துல பாத்திரம்கூட உருட்ட மாட்டேன்” என்றாள். ஹேசல், நான் அம்மாவை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா? கதவைச் சாத்தியது குளிருக்காக, சத்தியமாகக் குளிருக்காகத்தான், ஆனால் அதை நேற்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒரு மாதமாக நோலீனை நினைத்து நான் புழுங்கினேனே, அதே மாதிரி இவள் நாலு குளிர்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் புழுங்கியிருக்கிறாள். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “சரி, அடிச்சுதா?” என்று கேட்டாள். ஒரு வரியில் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

அதனால் இப்படி முடிவு பண்ணியிருக்கிறேன். டிவியில் கடைசிப் பகுதி முப்பதாம் தேதி ஞாயிறு வருகிறது. அதற்கு முதல் நாள், இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, எங்களுக்கு மாலை ஏழு மணி, உனக்கு ஞாயிறு காலை எட்டு, நீ போன் பண்ணு. முப்பத்தோரு பக்கத்தையும் நான் படிக்கிறேன், ஒரு வரி தாண்டாமல், ஓஸ்ஸாவை என் குரலில்தான் படிப்பேன், உனக்குப் பொருந்தாவிட்டால் பொறுத்துக்கொள். அம்மா இந்தப் பக்கம் இருப்பாள், என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டாகிவிட்டது. நோலீனும் கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் இப்போது யார். வர்ணனை வரும் இடத்தில் எழுந்து போகக் கூடாது என்று மட்டும் சொல்லிவை.

டில்லிக்குத் தாத்தாவின் முத்தம். மாப்பிள்ளையை வேலை வேலை என்று அலையாமல் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மறந்துவிடாதே. உனக்கு முடிவு தெரியும், எனக்குத் தெரியும், சம்பந்தியம்மாவுக்குத் தெரியும், இந்தக் குடும்பத்தில் தெரியாதவள் உன் அம்மா ஒருத்திதான், அவள்தான் நம் எல்லாரையும்விட அதிக நாள் காத்திருந்தவள். இருபத்தொன்பதாம் தேதி வரைக்கும் அவளிடம் போனில் எதையும் உளறிவிடாதே.

பாசத்துடன்,
அப்பா
க்ளிஃபர்ட்