பெல்ட்டில் இரண்டு ஓட்டை

உச்சிப்புளி,
8.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை எப்படி பிளாக் செய்வீர்கள் என்று பார்க்கிறேன்.

மாமா ஒரு மாதமாக இருமுகிறார். சளிப் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். "மிளகாய்க் களத்துல நிக்கிறவருக்கு இருமல் வராம என்ன வரும்?" என்று மாமாவை முந்திக்கொண்டு நீங்கள் கத்தினீர்கள். அந்த இருமலுக்கு நடுவில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்திருக்க என்னால் முடியாது. அதனால்தான் அம்மா வீட்டுக்கு வந்தேன். மாமா பரிசோதனை செய்த மறுநாள் வருகிறேன். அதுவரை குலசாமியே வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

இப்படிக்கு,
சிநேகாவின் அம்மா

நயினார்கோவில்,
14.3.2025

சத்யாவுக்கு,

ஊர் சிரிக்கிறது. மாமனாருக்கு டிபி என்று சொல்லி மருமகள் ஓடிப்போனாள் என்று டீக்கடையில் பேச்சு. அய்யா சரியாகச் சாப்பிடுவதில்லை.

இது குண்டு மிளகாய் காய்கிற மாசம். நெடியில் எல்லோரும்தான் இருமுகிறோம். மாசி பிறந்ததிலிருந்து எனக்கும்தான் இருமல். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருக்கிறது. வெயிலில் இளைத்துப்போய், வேட்டி பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சி இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டிருக்கிறேன். எனக்கும் டிபி என்று சொல்லேன்!

பிள்ளை என்னைக் கேட்கிறாளா?

காளிதாஸ்

உச்சிப்புளி,
18.3.2025

அத்தான்,

மாமா இருக்கட்டும், முதலில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெல்ட் ஓட்டை என்ற வரியை மூன்று தடவை படித்தேன். களத்துக் காவல் என்று கொட்டகையிலேயே படுத்தீர்கள், நானும் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். ஃப்ளூ திடீரென்று காய்ச்சலும் உடம்பு வலியுமாகச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். நெடி இருமல் களத்தை விட்டு விலகினால் குறையும். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு சாயங்காலக் காய்ச்சலும் இளைப்பும் சேர்ந்தால் சும்மா இருக்கக் கூடாது. இருமும்போது துண்டால் வாயை மூடுங்கள், கண்ட இடத்தில் துப்பாதீர்கள். வீம்பு பிடித்தால் நானே களத்துக்கு வந்து, ஆட்கள் முன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

பிள்ளை தினமும் கேட்கிறாள்.

சத்யப்பிரியா

நயினார்கோவில்,
4.4.2025

சத்யாவுக்கு,

அய்யாவுக்கு ஒன்றுமில்லை, வெறும் நெடிதான். எனக்குத்தான் காசநோய். மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகிறது. ஆறு மாதம் சாப்பிட வேண்டுமாம். பிள்ளையையும் பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர்.

அய்யா ஆட்களிடம் மலேரியா என்று சொல்லியிருக்கிறார். மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டுக்கொண்டேன். தட்டு, டம்ளர் எல்லாம் தனி. நீ வரவேண்டாம். உனக்கு இன்னும் வயசு இருக்கிறது. என்னை விட்டுவிடு.

காளிதாஸ்

உச்சிப்புளி,
11.4.2025

அன்புள்ள அத்தானுக்கு,

படித்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம்தான் வந்தது. 'வயசு இருக்கிறது' என்று எழுதிய கையை வந்து ஒடிக்கிறேன்.

சிநேகாவுக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறார்கள். உங்களால் இனி தொற்றாது என்று டாக்டர் சொல்லும்வரை அவள் இங்கே அம்மாவிடம் இருப்பாள். நான் வருகிறேன்.

இந்த நோய் காற்றில்தான் பரவும், தட்டிலும் டம்ளரிலும் இல்லை. கட்டிலை வீட்டுக்குள் ஜன்னலோரம் போடுங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். மலேரியா என்ற பொய் வேண்டாம். உங்களோடு களத்துக் கொட்டகையில் மூட்டை தைத்த கருத்தம்மாளிடமும் கூத்தையாவிடமும் உள்ளதைச் சொல்லி, அவர்களையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வெட்கமாக இருந்தால் நான் வந்து சொல்கிறேன்.

சித்திரை முதல் நாள் பத்து மணி பஸ்ஸில் இறங்குவேன். மாஸ்க் போட்டுக்கொண்டு டீக்கடை வாசலிலேயே வந்து நில்லுங்கள், சிரித்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டும். பரிசோதிக்க மறுத்த வீட்டை விட்டுத்தான் நான் வந்தேன். மருந்து சாப்பிடுகிற வீட்டுக்கு வர எனக்கு எவன் உத்தரவும் வேண்டாம்.

அந்த பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய ஓட்டையில் நானே மாட்டிவிட வேண்டும்.

உங்கள்
சத்யப்பிரியா