இரண்டாம் பக்கம்

மகளுக்கு,

என் தொடையில் வெட்டியெடுத்த கட்டியின் பரிசோதனை அறிக்கையில் இரண்டாம் பக்கத்தை நீ ஒளித்தது தப்பு. முதல் பக்கத்தின் அடியில் ‘1/2’ என்று இருந்ததை மறந்துவிட்டாய்.

ஆய்வுக்கூடத்துக்கே போனேன். “யாரோட ரிப்போர்ட் தாத்தா?” என்றாள் அங்கிருந்த பெண். “என் தொடையோடதும்மா.” சிரித்துக்கொண்டே பிரதி கொடுத்தாள்.

எட்டாவது படித்தவனுக்கு என்ன புரியும் என்று நினைத்தாயா? அகராதி வைத்துப் படித்தேன். நீ சொன்ன கொழுப்புக் கட்டி இல்லை, புற்றுநோய். மூன்றாம் தரம், செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. வெட்டிய ஓரத்திலும் மிச்சம் இருக்கிறது. அறிக்கை வந்த அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நீ ஏன் அவ்வளவு நேரம் இருந்தாய் என்று இப்போது புரிகிறது.

டாக்டர் அந்த ஓரத்தை மறுபடி வெட்டட்டும். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு நீ தேதி வாங்கு. அம்மாவிடம் நான் சொல்வேன். அழுவதானால் என் எதிரில் அழு.

அப்பா